பள்ளிக்கூட மருத்துவக் குழு சீட்டு கொடுத்துவிட்டது, அடுத்து என்ன செய்வது?

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ பிள்ளை படித்தால், வருடத்துக்கு ஒருமுறை மருத்துவக் குழு வண்டியில் வந்து எல்லாப் பிள்ளைகளையும் பார்த்துவிட்டுப் போகும். அங்கன்வாடிக்கு வருடத்தில் இரண்டு முறை வரும். ஆர்பிஎஸ்கே வண்டி என்பார்கள், ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய காரியகிரம் என்பதன் சுருக்கம். பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கான திட்டம். பிறவிக் குறைபாடு, சத்துக்குறைவு, குழந்தைப் பருவ நோய், வளர்ச்சித் தாமதம் என்று நாலு வகையில் சுமார் 30 பிரச்சினைகளைத் தேடுகிறார்கள். பரிசோதனை, மேல் மருத்துவமனைக்கு அனுப்புவது, தேவைப்பட்டால் அறுவை சிகிச்சை, எல்லாம் இலவசம்.

நல்ல திட்டம், சந்தேகமே வேண்டாம். ஆனால் மேல் மருத்துவமனைக்கு அனுப்பும் பரிந்துரைச் சீட்டு வீட்டுக்கு வந்த நாளுக்கும் சிகிச்சை முடிகிற நாளுக்கும் நடுவில் எங்கே போவது, எதை எடுத்துப் போவது, யாரைக் கேட்பது என்று உட்கார வைத்துச் சொல்ல ஆள் கிடைப்பது அபூர்வம். என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கும்போது காதில் சீழ் வருகிறது என்று சீட்டு கொடுத்தார்கள். செவிப்பறை அறுவை சிகிச்சை வரை போய் முடிந்தது, இப்போது நன்றாகக் கேட்கிறது. அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதையும், அதே வரிசைகளில் எங்களோடு உட்கார்ந்திருந்த பெற்றோர்கள் சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன். நீங்கள் வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் பாதி வழியில் திரும்பி வரக்கூடாது, அதற்குத்தான் இது.

1. பரிசோதனை நாளுக்கு முன்பே ஒரு தாள் எழுதிக் கொடுத்தனுப்புங்கள்

குழு வரும் தேதி பள்ளிக்கு முன்கூட்டியே தெரியும். வகுப்பாசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அன்றைக்கு லீவு போட வைக்காதீர்கள். ஊசி போடுவார்கள் என்று பயந்து சில பிள்ளைகள் மட்டம் போடுவார்கள். இது பார்க்க வருவதுதான், ஊசி போட வருவதில்லை என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள்.

உயரம், எடை, கண், பல், காது, இதயத் துடிப்பு, இமையைக் கீழே இழுத்து ரத்தசோகை இருக்கிறதா என்று ஒவ்வொருவரையும் பார்க்க வேண்டும், பின்னால் வகுப்பு முழுக்க வரிசையில் நிற்கும். இந்த நேரத்துக்குள் உங்கள் வீட்டில் நடப்பதை டாக்டர் கண்டுபிடிக்க முடியாது, பிள்ளையும் சொல்லாது. அதனால் ஒரு தாளில் தமிழிலேயே எழுதுங்கள். சின்ன வயதில் ஜன்னி வந்ததா, எந்த வயதில், எத்தனை முறை. ஓடி விளையாடினால் மற்ற பிள்ளைகளைவிடச் சீக்கிரம் மூச்சு வாங்குகிறதா. டிவி சத்தத்தைக் கூட்டச் சொல்கிறதா. கரும்பலகையைப் பார்க்காமல் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுகிறதா. இதை ஆசிரியரிடமும் கேளுங்கள், கண் பார்வைக் குறையை முதலில் கவனிப்பது பெரும்பாலும் அவர்கள்தான். பெண் பிள்ளை வயதுக்கு வந்துவிட்டால் உதிரப்போக்கு அதிகமா, ஒவ்வொரு மாதமும் பள்ளிக்குப் போக முடியாத அளவு வலியா என்பதையும் எழுதுங்கள். இப்போது சாப்பிடும் மாத்திரையின் பெயரை அட்டையைப் பார்த்து எழுதுங்கள். கடைசியில் உங்கள் போன் நம்பர்.

அன்று போக முடியாமல் போய்விட்டால் அடுத்த வருடம் வரை காத்திருக்க வேண்டியதில்லை. தலைமையாசிரியரிடம் சொன்னால் குழு பக்கத்தில் எந்தப் பள்ளிக்கு எப்போது வருகிறது என்று விசாரித்துச் சொல்வார், இல்லாவிட்டால் நேரே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள்.

2. சீட்டைப் படியுங்கள், உடனே போட்டோ எடுங்கள்

பிள்ளையின் பையில் கசங்கிப் போய் வரும் அந்தத் தாள்தான் இந்த வேலை முழுவதற்கும் நுழைவுச் சீட்டு. வந்த அன்றே போனில் போட்டோ எடுத்துவிட்டு அசலைத் தனியாக வையுங்கள். பெயர், வயது, வகுப்பு, பள்ளி, என்ன சந்தேகப்படுகிறார்கள், எங்கே அனுப்புகிறார்கள் என்று அதில் இருக்கும். பெயர் எழுத்துப்பிழையோடு இருந்தால் அப்போதே பள்ளி வழியாகத் திருத்தச் சொல்லுங்கள்.

டாக்டர் எழுத்து புரியவில்லையா, ஊகிக்காதீர்கள். பள்ளியில் குழுவின் தொடர்பு எண் இருக்கும், கேட்டு வாங்கி நீங்களே பேசுங்கள். மூன்று விஷயம் கேளுங்கள்: என்ன சந்தேகம், எந்த மருத்துவமனையில் எந்தப் பிரிவு, எவ்வளவு நாளுக்குள் போக வேண்டும். மூன்றாவதைக் கட்டாயம் கேளுங்கள். பல் சொத்தை இரண்டு வாரம் பொறுக்கும். இதயத்தில் ஏதோ சத்தம் கேட்கிறது என்று எழுதியிருந்தால் அந்த வாரமே போக வேண்டும். ரத்தசோகை என்றால் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று கேளுங்கள், 8க்குக் கீழே இருந்தால் அது கடுமையான ரத்தசோகை, அன்றைக்கோ மறுநாளோ மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

சீட்டு என்பது நோய் உறுதி ஆகிவிட்டது என்ற அர்த்தம் இல்லை. சந்தேகம், அவ்வளவுதான். எங்களோடு வந்த ஒரு பையனுக்கு இதயப் பரிசோதனை முடிந்து ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஆனால் அதைச் சொல்ல வேண்டியது எக்கோ பார்த்த டாக்டர். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லக் கூடாது. "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள், பாசத்தில் சொல்வது, கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் சீட்டை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

3. எங்கே போவது

எல்லாவற்றுக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டாம். தோல் நோய், லேசான ரத்தசோகை, பூச்சித் தொல்லை எல்லாம் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முடியும். கண் பார்வைக்கு வட்டார அளவிலான சுகாதார நிலையங்களில் கண் மருத்துவ உதவியாளர் இருப்பார், எந்தக் கிழமையில் என்று கேட்டுக்கொண்டு போங்கள். பள்ளி மாணவர்களுக்குக் கண்ணாடி இலவசம், கண்ணொளி காப்போம் திட்டத்தில் பள்ளிக்கே வந்து சேரும். அளவு எடுத்துக் கண்ணாடி கைக்கு வரக் கொஞ்ச நாள் ஆகும், நடுநடுவே பள்ளியில் விசாரித்துக்கொண்டே இருங்கள். பிள்ளைக்கு வருடா வருடம் அளவு மாறும், ஒருமுறை வாங்கிவிட்டோம் என்று விட்டுவிடாதீர்கள்.

காது கேட்கவில்லை, பேச்சு வரவில்லை, கால் வளைந்திருக்கிறது, உதடு அண்ணப் பிளவு, மாறுகண், இதயம், படிப்பில் வித்தியாசமாகத் தடுமாறுகிறது, ஆட்டிசம் என்று எழுதியிருந்தால் நீங்கள் போக வேண்டியது டிஇஐசி. மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையம் என்று பலகை இருக்கும், மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ குழந்தைகள் பிரிவை ஒட்டி இருக்கும். குழந்தை மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், காது கேட்கும் திறனைச் சோதிப்பவர், பேச்சுப் பயிற்சி தருபவர், உளவியலாளர், சிறப்பாசிரியர் எல்லோரும் ஒரே இடத்தில் இருப்பதற்காகவே அமைத்த மையம் அது. பொது ஓபியில் வரிசையில் நின்று, அங்கிருந்து இன்னொரு பிரிவுக்கு அனுப்பி, மறுபடியும் வரிசை என்ற சுற்று இதில் மிச்சம். வாசலில் செக்யூரிட்டியிடம் "டிஇஐசி எங்கே" என்று கேளுங்கள், தெரியவில்லை என்றால் குழந்தைகள் வார்டு செவிலியருக்கு நிச்சயம் தெரியும்.

நேரம் முக்கியம். ஓபி காலையில்தான். எட்டு மணிக்குள் சீட்டு போடும் இடத்தில் நின்றால் மதியத்துக்குள் வேலை முடியும், பதினொரு மணிக்கு மேல் போனால் டாக்டரைப் பார்த்தாலும் டெஸ்ட் அடுத்த நாளைக்குத் தள்ளிப் போகும். சிறப்புப் பிரிவு டாக்டர் வாரத்தில் குறிப்பிட்ட நாள்தான் இருப்பார், முதல் நாள் போகும்போதே அந்தக் கிழமையைக் கேட்டு ஓபி நோட்டின் அட்டையில் எழுதிவிடுங்கள். சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் அம்மா கூட்டிப் போனால் உள்ளூருக்குள் போக்குவரத்துச் செலவும் குறையும், வெளியூர் பஸ்ஸுக்கு மட்டும் காசு.

4. ஆவணங்கள்: ஒரே கவரில், எல்லாவற்றிலும் ஒரே பெயர்

பெரும்பாலானவர்கள் திரும்பி வருவது இங்கேதான். ஒரு பிளாஸ்டிக் கவர் வாங்கி இவற்றைப் போடுங்கள், ஒவ்வொன்றிலும் மூன்று ஜெராக்ஸ்: பரிந்துரைச் சீட்டு, பிள்ளையின் ஆதார், பெற்றோர் இருவரின் ஆதார், ரேஷன் கார்டு, பிறப்புச் சான்றிதழ், பள்ளியின் போனஃபைடு சான்றிதழ், காப்பீட்டு அட்டை, பாஸ்போர்ட் அளவு போட்டோ நாலு. ஆதாரோடு இணைத்த போன் நம்பர் உள்ள செல்போனும் கையில் இருக்க வேண்டும், ஓடிபி அதற்குத்தான் வரும். அந்தப் போன் அப்பாவிடம், அப்பா வெளியூர் வேலையில் என்றால் அவரைப் போன் எடுக்கத் தயாராக இருக்கச் சொல்லிவிட்டுப் போங்கள்.

இனி பொறிகள்.

பிள்ளையின் பெயர் ரேஷன் கார்டில் இல்லாமல் இருப்பது. பிறந்து பத்து வருடம் ஆகியும் சேர்க்காதவர்கள் நிறையப் பேர், அரிசி வருகிறதே என்று விட்டிருப்பார்கள். காப்பீட்டுக்கு ரேஷன் கார்டில் பெயர் உள்ளவர்கள்தான் குடும்பம். பெயர் இல்லையென்றால் இன்றைக்கே இ-சேவை மையத்திலோ உணவு வழங்கல் துறை இணையதளத்திலோ பிறப்புச் சான்றிதழோடு விண்ணப்பியுங்கள்.

பெயர் எழுத்து மாறியிருப்பது. ஆதாரில் ஒரு மாதிரி, பள்ளிப் பதிவேட்டில் ஒரு மாதிரி, இனிஷியல் ஒன்றில் முன்னால் ஒன்றில் பின்னால். எங்களை ஒரு கவுண்டரில் ஒரே ஒரு எழுத்துக்காகத் திருப்பி அனுப்பினார்கள். அந்த வரிசையில் அன்று நின்ற பாதிப் பேருக்கு அதே கதி. பிறப்புச் சான்றிதழில் உள்ளதை அடிப்படையாக வைத்து மற்றவற்றைத் திருத்துவதுதான் சுலபமான வழி.

ஆதாரில் கைரேகையைப் புதுப்பிக்காமல் இருப்பது. 5 வயதிலும் 15 வயதிலும் குழந்தைகளுக்குக் கட்டாயம் புதுப்பிக்க வேண்டும். ஐந்து வயதுக்கு முன் எடுத்த நீல நிற ஆதாரில் கைரேகையே இருக்காது, பத்து வயதுப் பிள்ளைக்கு அதை எடுத்துக்கொண்டு போனால் இயந்திரம் ஏற்காது. பள்ளிகளில் அவ்வப்போது ஆதார் முகாம் நடக்கும், அதை விடாதீர்கள்.

5. காப்பீட்டு அட்டையைத் தேவைப்படுவதற்கு முன்பே எடுங்கள்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தெரியாதவர்கள் இருக்க முடியாது. ஆனால் அட்டை இருக்கிறதா என்று கேட்டால் பாதிப் பேர் "எடுக்கணும்" என்பார்கள். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை, மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டோடு சேர்ந்தே நடக்கிறது. முகாம்களில் இருக்கும் இலங்கைத் தமிழர்களுக்கு இந்த வருமான வரம்பு கிடையாது.

முதலில் வருமானச் சான்று. விஏஓ அல்லது வருவாய்த் துறை தந்ததாக இருக்க வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் சேவைக் கட்டணம் 60 ரூபாய், ரசீது கேட்டு வாங்குங்கள், அதற்கு மேல் கேட்டால் எதற்கு என்று கேளுங்கள். விண்ணப்பம் விஏஓ, வருவாய் ஆய்வாளர், தாசில்தார் அலுவலகம் என்று போய் வரும். ஒன்றிரண்டு வாரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பித்த மறுநாள் விஏஓ அலுவலகத்துக்குப் போய் நேரில் சொல்லிவிட்டு வருவது நல்லது, சான்று வேகமாக நகரும். இதற்கு ஒரு வருடம்தான் செல்லுபடி, மூன்று வருடத்துக்கு முன் பள்ளி உதவித்தொகைக்கு எடுத்ததைக் கொண்டுபோகாதீர்கள்.

அப்புறம் கலெக்டர் ஆபீஸில் காப்பீட்டுத் திட்ட மையம். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு போங்கள், போட்டோ எடுப்பார்கள். ஆதார் எண்ணைப் போட்டு ஏற்கனவே பழைய அட்டை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் பிள்ளை பெயரைச் சேர்த்தால் போதும். அட்டைக்குக் காசு கிடையாது. கலெக்டர் ஆபீஸ் வாசலில் விண்ணப்பம் எழுதித் தருகிறேன், சீக்கிரம் முடித்துத் தருகிறேன் என்று 500, 1,000 கேட்பவர்கள் நிற்பார்கள், கொடுக்காதீர்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாள், கூட்டம் நெரியும், வேறு கிழமை போங்கள்.

வருமானம் வரம்பைத் தாண்டிவிட்டால்? அட்டை கிடைக்காது. ஆனால் சிகிச்சை கிடைக்காது என்று அர்த்தமில்லை, இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அரசு மருத்துவமனையில் சிகிச்சை எல்லோருக்கும் உண்டு, பள்ளிக் குழு அனுப்பிய பிள்ளைக்கு வருமானம் பார்ப்பதில்லை. அட்டை பெரிதும் உதவுவது திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைக்குப் போக வேண்டி வரும்போது, அல்லது விலை கூடிய கருவி பொருத்த வேண்டி வரும்போது. என்னைக் கேட்டால், தகுதி இருக்கும் குடும்பம் ஒவ்வொன்றும் பிள்ளை நன்றாக இருக்கும்போதே இதை எடுத்து வைத்துவிட வேண்டும். அட்மிஷன் போட்ட பிறகும் எடுக்கலாம்தான், ஆனால் ஆபரேஷனுக்கு நாள் குறித்த பிள்ளையை வார்டில் விட்டுவிட்டு விஏஓவைத் தேடி ஊருக்கு ஓடும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன், அந்த நிலை யாருக்கும் வேண்டாம்.

6. மருத்துவமனைக்குள்

முதல் நாள் பெரும்பாலும் டெஸ்டோடு முடியும். காது கேட்கும் சோதனைக்குச் சத்தம் புகாத சின்ன அறையில் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, மெல்லிய பீப் சத்தம் கேட்டதும் கையைத் தூக்கு என்பார்கள். என் மகள் ஒருசில சத்தத்துக்குத் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினாள், சரியாகச் சொல்லாவிட்டால் திட்டுவார்களோ என்ற பயம் அவளுக்கு. வீட்டிலேயே விளையாட்டாகச் சொல்லிப் பழக்கிவிடுங்கள், கேட்டால் தூக்கு, கேட்காவிட்டால் சும்மா இரு, இதில் மார்க் கிடையாது என்று. பசியோடு இருக்கும் பிள்ளை எந்தச் சோதனைக்கும் ஒத்துழைக்காது. வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருந்தால் தவிர, சாப்பிட வைத்தே கூட்டிப் போங்கள்.

ரிப்போர்ட் எல்லாவற்றையும் தேதி வரிசையில் அதே கவரில் வையுங்கள். "வெளியே ஸ்கேன் எடுத்துட்டு வாங்க" என்று சொன்னால், இங்கேயே எடுக்க முடியாதா, காப்பீட்டில் வராதா என்று இரண்டு கேள்வி கேளுங்கள். காப்பீட்டுத் திட்டத்துக்கு மருத்துவமனையிலேயே தனிக் கவுண்டர் இருக்கும். அறுவை சிகிச்சை என்று முடிவானால் அந்தக் கவுண்டர் வழியாகத்தான் அனுமதிக்கு அனுப்புவார்கள். அனுமதி வந்துவிட்டதா என்று அட்மிஷன் தேதிக்கு முன்பே உறுதி செய்யுங்கள். திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனை என்றால், உங்கள் பிள்ளைக்கான அந்தக் குறிப்பிட்ட சிகிச்சைக்கு அங்கே அனுமதி உண்டா என்று கேளுங்கள். மருத்துவமனை பட்டியலில் இருப்பதும் அந்தச் சிகிச்சைக்கு அனுமதி இருப்பதும் வேறு வேறு. இலவசம் என்று சேர்த்துவிட்டு நடுவில் பணம் கட்டச் சொன்னால் 1800 425 3993 காப்பீட்டுத் திட்டத்தின் இலவச எண், அங்கிருந்தே கூப்பிடுங்கள். 104 அரசின் மருத்துவ உதவி எண், எந்த நேரமும் பேசலாம்.

கையில் எவ்வளவு பணம் வேண்டும்? சிகிச்சைக்கு இல்லை. கூட இருப்பவரின் சாப்பாடு, பஸ், ஜெராக்ஸ், இழந்த நாள் கூலி, இதுதான் உண்மையான செலவு. தினக்கூலிக்குப் போகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. பிள்ளைகள் பாதியிலேயே சிகிச்சையை விடுவதற்கு நான் பார்த்த வரை இதுதான் காரணம், அலட்சியம் இல்லை. அதனால் ஒவ்வொரு முறையும் கிளம்பும்போது, அடுத்து எப்போது வர வேண்டும், அன்று என்ன நடக்கும், நான் கட்டாயம் வர வேண்டுமா அல்லது பாட்டி கூட்டி வந்தால் போதுமா என்று கேளுங்கள். ஒன்று நினைவிருக்கட்டும்: அறுவை சிகிச்சைக்குக் கையெழுத்துப் போட அப்பாவோ அம்மாவோதான் வர வேண்டும்.

7. தேதியைப் பிள்ளையின் பள்ளியோடு சேர்த்துத் திட்டமிடுங்கள்

எல்லோரும் மே மாதம் கேட்பார்கள். அதனால் மே மாதம் இடம் கிடைக்காது. அவசரமில்லாத அறுவை சிகிச்சை என்றால் காலாண்டு விடுமுறை, அரையாண்டு விடுமுறை கேட்டுப் பாருங்கள். மே மாதம்தான் வேண்டும் என்றால் டெஸ்டுகளையெல்லாம் பொங்கல் முடிந்ததும் ஆரம்பித்துவிடுங்கள். காது போன்றவற்றில் இன்னொரு சிக்கல் உண்டு. சீழ் நின்று காது காய்ந்திருக்க வேண்டும், சளியோ காய்ச்சலோ இருந்தால் மயக்க மருந்து டாக்டர் தேதியைத் தள்ளிவிடுவார். அந்த இரண்டு மூன்று வாரம் குளத்தில் குளிக்க விடாதீர்கள், தலைக்குக் குளிக்கும்போது டாக்டர் சொன்னபடி பஞ்சை அடைத்துவிடுங்கள், காதில் எண்ணெய் ஊற்றாதீர்கள், யார் சொன்னாலும்.

பிறவியிலேயே காது கேட்காத குழந்தைக்குக் காக்ளியர் கருவி பொருத்துவது மட்டும் இந்த விடுமுறைக் கணக்கில் வராது. அதற்கு வயது வரம்பு உண்டு, சின்ன வயதில் செய்தால்தான் பேச்சு வரும். அங்கன்வாடி வயதிலேயே சந்தேகம் வந்தால் ஒரு வாரம்கூடத் தள்ளாதீர்கள்.

8. பள்ளியில் தரும் மாத்திரைகள்

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை வாரம் ஒரு நாள் நீல நிற இரும்புச்சத்து மாத்திரை தருகிறார்கள். சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு இளஞ்சிவப்பு. 2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 சதவீதம் பேருக்கும் ஆண் பிள்ளைகளில் 31.1 சதவீதம் பேருக்கும் ரத்தசோகை இருந்தது. அதனால்தான் நோய் இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் எல்லோருக்கும் தருகிறார்கள். சாப்பிட்ட பிறகுதான் போட வேண்டும். டீ, காபியோடு கூடாது, சத்து உடம்பில் சேராது. நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை கூட இருந்தால் நன்றாகச் சேரும். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட ஒன்றுமில்லை. முதல் சில வாரம் வயிறு பிரட்டினால் நிறுத்தாமல் செவிலியரிடம் கேளுங்கள். பிள்ளைகள் ஜன்னல் வழியாக மாத்திரையைத் தூக்கிப் போடுவது எல்லாப் பள்ளியிலும் நடக்கிறது, வீட்டில் ஒரு வார்த்தை கேளுங்கள்.

குடற்புழு நீக்க மாத்திரை வருடத்துக்கு இரண்டு முறை, பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 தேதிகளை ஒட்டித் தருவார்கள், 1 முதல் 19 வயது வரை. கடித்து மென்று தின்ன வேண்டும். அன்று காய்ச்சலாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், விடுபட்டவர்களுக்கு ஒரு வாரத்தில் இன்னொரு நாள் வைப்பார்கள். 10 வயதிலும் 16 வயதிலும் டிடி தடுப்பூசி உண்டு, இதைப் பதிவு செய்த அட்டையும் உங்கள் கவருக்குள் போகட்டும்.

9. பதின்வயதுப் பிள்ளை என்றால்

10 முதல் 19 வயதுக்காரர்களுக்கு ராஷ்ட்ரிய கிஷோர் ஸ்வாஸ்த்ய காரியகிரம் என்ற திட்டத்தில் அரசு மருத்துவமனைகளில் வளரிளம் பருவத்தினருக்கான ஆலோசனை மையம் இருக்கிறது. மாதவிடாய், பரு, உடல் எடை, தூக்கம், பயம், படிப்பு அழுத்தம், போதைப் பழக்கம் என்று எதைப் பற்றியும் அங்கே பேசலாம். ஆலோசகர் உங்களைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொல்வார். தயவுசெய்து உட்காருங்கள். வெளியே வந்த பிள்ளையிடம் என்ன கேட்டாங்க, நீ என்ன சொன்ன என்று துருவாதீர்கள். பிள்ளை அடுத்த முறை போக ஒத்துக்கொள்வது இதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

மனசு சரியில்லை, தூங்குவதில்லை, சாகலாம் போலிருக்கிறது என்பது போன்ற பேச்சு வந்தால் சீட்டு, ஆவணம் எதுவும் வேண்டாம். 14416 டெலிமானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். 104லும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். யாராவது துன்புறுத்துகிறார்கள் என்று தெரிந்தால் 1098, குழந்தைகளுக்கான உதவி எண். பள்ளிக் கல்வித் துறைக்கு 14417. இந்த எண்களைப் பிள்ளையின் நோட்டில் எழுதிக் கொடுங்கள், உங்கள் போனில் மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

10. சிகிச்சைக்குப் பிறகு பள்ளியில் கேட்க வேண்டியவை

டிஸ்சார்ஜ் சம்மரியின் ஜெராக்ஸ் ஒன்றைத் தலைமையாசிரியரிடம் கொடுத்து, குழுவின் பதிவேட்டில் சிகிச்சை முடிந்தது என்று எழுதச் சொல்லுங்கள். லீவு நாட்களுக்கு மருத்துவச் சான்று கொடுங்கள். காது மந்தமான பிள்ளையை முன் பெஞ்சில், நன்றாகக் கேட்கும் காது ஆசிரியர் பக்கம் இருக்கும்படி உட்கார வைக்கச் சொல்லுங்கள்.

குறைபாடு நிரந்தரம் என்று டாக்டர் சொன்னால் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பியுங்கள், மருத்துவக் குழு பார்த்துச் சதவீதம் போடும். பெரும்பாலான சலுகைகள் 40 சதவீதத்திலிருந்து தொடங்குகின்றன. வட்டார வள மையங்களில் 18 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு வருடந்தோறும் மதிப்பீட்டு முகாம் நடக்கும், அட்டை, உபகரணம், பயிற்சி எல்லாவற்றுக்கும் அங்கே ஒரே நாளில் பதிவு செய்யலாம், உங்கள் பள்ளிக்கு வரும் சிறப்பாசிரியரிடம் தேதி கேளுங்கள். கற்றல் குறைபாட்டுக்குச் சான்று 8 வயதுக்கு மேல்தான் தருவார்கள்.

பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதைக் கேட்டு எழுதும் உதவியாளர், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் இருக்கின்றன. இதற்குத் தலைமையாசிரியர் வழியாகத் தேர்வுத்துறைக்கு முன்கூட்டியே விண்ணப்பம் போக வேண்டும். பத்தாம் வகுப்பு தொடங்கிய ஜூனிலேயே கேளுங்கள், ஹால் டிக்கெட் வரும் நேரத்தில் கேட்டால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

தனியார் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளையும் பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளையும் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். வண்டி அங்கே வராது, ஆனால் டிஇஐசி கதவு அவர்களுக்கும் திறந்திருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் காட்டி அவரிடம் பரிந்துரைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு மேலே மூன்றாவது படியிலிருந்து அப்படியே தொடரலாம். போனஃபைடு சான்றிதழ் இல்லையென்றால் வயதுக்குப் பிறப்புச் சான்றிதழே போதும்.